மணலில் வரைந்த முப்பத்தோரு அடி

அந்த எண்ணம் சைக்கிளில் போகும்போது வந்தது. போன ஆடி மாதம், முக்கொம்பு பார்த்துவிட்டு ஆற்றங்கரைச் சாலையில் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் மிதிக்கிறேன், ஸ்ரீரங்கத்து நண்பன் பின் காரியரில். மேல்காற்று முதுகில் அறைகிறது. அவனால் சும்மா உட்கார முடியாது. தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தான். சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் மிதிப்பதை நிறுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இடப்பக்கம் காவிரி எங்களோடு கூடவே ஓடிவந்தது. ஒரு மைல் தூரம் பெடலை நான் அழுத்தவே இல்லை என்றால் நம்புவீர்களா?

"இப்படியே போனா எங்கடா நிக்கும்?" என்றேன்.

"கடல்லதான்" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

நான் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். ஊசல் ஆடுவதை எண்ணுவது, வில்தராசில் எடை தொங்கவிடுவது, மறுபடி ஊசல். மூன்று வருஷமாக அதே ஊசல். ஆடிக்கொண்டே இருக்கிறதே தவிர எங்கேயும் போகிறதா? உறையூரில் வீடு. அம்மா தொட்டியத்தில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படகு பார்க்க ஆரம்பித்தேன்.

பாய் கட்டிய படகு. ஊர் ஊராகப் போகலாம், ராத்திரி அதிலேயே படுக்கலாம், சமைக்கலாம். சரக்கு ஏற்றும் தோணி மாதிரி பத்துப் பேர் கயிறு இழுக்கிற பெரிசும் வேண்டாம். கட்டுமரம் மாதிரி அலையோடு அலையாக நனைகிற சிறிசும் வேண்டாம். நடுவாந்திரமாக ஒன்று. முக்கியமாக, ஒரே ஆள் கட்டி ஆளவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நண்பனிடம் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டான். ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் தனியாகத்தானே ஓட்டியாகவேண்டும் என்று நான் சொன்ன காரணமும் நியாயமானதுதான். ஆனால் அது என் உண்மையான காரணம் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்பதற்கு என்ன செய்வது? காவிரிக்கரையில் பாய்ப்படகைப் பற்றி யாரைக் கேட்பது? பரிசல்காரர்களைக் கேட்டேன்; சிரித்தார்கள். கடைசியில் பெரிய கடைவீதியில் ஒரு பழைய காகிதக் கடையில் அதிர்ஷ்டம் அடித்தது. சீமைக்குத் திரும்பிப் போன யாரோ ஒரு துரை போட்டுவிட்டுப் போன பத்திரிகைக் கட்டு, முழுக்கப் படகுகள். கடைக்காரர் அதில் பாதியைக் கிழித்துக் கடலைப் பொட்டலத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தார். மிச்சப் பாதியை வாங்கிவந்து மூன்று நாளில் மனப்பாடம் செய்தேன். பாயை ஏற்றுவது எப்படி என்ற பக்கம் இருந்தது. அதற்கு அடுத்த பக்கம் கடலையோடு போய்விட்டது. அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை. ஏற்றத் தெரிந்தால் இறக்கத் தெரியாதா?

நாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, வாரம் ஒரு கார்டு போட்டேன். அவர் நாலு கார்டுக்கு ஒன்று வீதம் பதில் போடுவார். ஒவ்வொரு பதிலும் வருவதற்குள் எனக்கு நகம் தேய்ந்துவிடும். பங்குனிக் கடைசியில் கார்டில் அடங்காமல் ஒரு கவர் வந்தது. இரண்டு படகு விலைக்கு இருக்கிறதாம். ஒன்று முப்பத்தோரு அடி. ஒற்றைப் பாய்மரம், உள்ளே இரண்டு படுக்கை. இன்னொன்று இருபத்திரண்டு அடி; அதுவும் ஒற்றைப் பாய்மரம், ஒரு படுக்கை. இரண்டும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது, இரண்டும் மிதக்கிறது. அளவெல்லாம் எடுத்து எழுதியிருந்தார். ஆடி பிறப்பதற்குள் எது என்று சொல்லிவிடு, ஐப்பசிப் புயலுக்கு முன்னால் ஒன்று உன்னுடையதாகட்டும், இல்லையானால் இரண்டையும் பலகைக்கு உடைத்துவிடுவார்கள் என்று முடித்திருந்தார். அப்பா விட்டுப்போன வாழைத்தோட்டத்தில் என் பங்கு ஏதாவது ஒன்றுக்குத்தான் காணும்.

எது? நாகப்பட்டினம் போய்ப் பார்த்துவிடலாம்தான். பார்த்தால் என்ன தெரியும்? படகு கரையில் கட்டிக்கிடக்கும், நான் தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். எனக்கு வேண்டியது ஆராய்ச்சி. சித்திரையில் காவிரி எப்படி இருக்கும் என்று திருச்சிக்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். கரைக்குக் கரை மணல். ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறைக்கு மேற்கே, ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, கல்லூரியிலிருந்து அளவு டேப்பும் ஸ்டாப்வாட்ச்சும் கொண்டுபோனேன். அத்தான் எழுதிய அளவுப்படி சுண்ணாம்புத் தூளால் முப்பத்தோரு அடிப் படகை அப்படியே மணலில் வரைந்தோம். சுக்கான் பிடி இங்கே, படுக்கை இங்கே, அடுப்பு இங்கே. படகின் மூக்கு கிழக்கே, கடலைப் பார்த்து. பாய்மரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மூங்கிலைப் புதைத்து நாலு பக்கமும் கயிறு கட்டினோம். காடாத் துணியில் தையற்காரரிடம் ஒரு பாய் தைத்து வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். நாடகக் கொட்டகைக்கு என்றேன்.

பக்கத்தில் வெள்ளரிப் பாத்தி போட்டிருந்த ஓர் அம்மாதான் எங்களுக்கு முதல் பார்வையாளர்.

"என்ன தம்பி, வீடு கட்டப் போறீங்களா?"

"படகுங்க."

அவர் ஆற்றை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "நல்ல நேரம்தான் பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போனார்.

நண்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவன். பகலில் ஜங்ஷன் பக்கம் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிறான். உற்சவ நாட்களில் அவன் வேறு ஆள். பெருமாள் எழுந்தருளும் பல்லக்கைத் தோளில் சுமக்கிற வீடு அவனுடையது. சுமக்கிறவர்களை உயரம் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். ஒருவன் வரவில்லை என்றால் எதிர்க் கொம்புக்காரனுக்கும் ஜோடி இல்லை. சின்ன உற்சவங்களுக்கு அவன் மாற்று ஆள் சொல்லிவிடுவான். மார்கழியில் ஏகாதசிக்கு முடியாது. அதனால் அவன் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டான்: தை பிறந்ததும் கிளம்பலாம், அடுத்த ஏகாதசிக்குள் திரும்பிவிடவேண்டும். இன்னொன்று, கடல் தாண்டினவனைக் கோவிலில் பல்லக்கில் கை வைக்க விடமாட்டார்கள். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தான். கரை கண்ணுக்குத் தெரிகிறவரைக்கும் அது தாண்டினதாகாதாம். இது யார் சொன்னது என்று கேட்டேன். நான்தான் சொல்கிறேன் என்றான்.

நான் சரி சரி என்றேன். என் மனசில் இருந்தது இலங்கை. அதற்கப்புறம் அந்தமான். அதற்கப்புறம் தெரியாது, தெரியாதது என்பதுதான் அதன் ருசி. ஏகாதசி, கரை, ஜோடி உயரம் என்று ஆயிரம் முடிச்சு போட்டவனைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போவது? அவனிடம் நேரே சொல்லவும் வாய் வரவில்லை. சைக்கிளில் துணியை விரித்துப் பிடித்தவன் அவன்தானே. ஆகவே அந்த வேலையை ஸ்டாப்வாட்ச்சிடம் விட்டேன்.

சோதனை இதுதான். சுக்கான் பிடியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவன் கை தட்டியதும் எழுந்து, பாயின் கயிற்றைத் தளர்த்தி, பாய்மரத்துக்கு ஓடி, பாயை முழுக்க இறக்கிக் கட்டிவிட்டு, திரும்பிவந்து சுக்கானைப் பிடிக்கவேண்டும். கோட்டுக்கு வெளியே கால் வைத்தால் கடலில் விழுந்ததாகக் கணக்கு. இருபது விநாடிக்குள் முடிந்தால் அந்தப் படகு தனி ஆளுக்கு ஆகும். ஏன் இருபது? ஏதாவது ஒன்று வைக்கவேண்டும் இல்லையா.

வைகாசியில் மேல்காற்று எழும்பிவிட்டது. பெரிய படகில் முதல் நாள் நாற்பத்தெட்டு விநாடி. மறுநாள் ஐம்பத்திரண்டு. பின்னாலிருந்து அடிக்கிற காற்று பாயைக் கயிறுகளோடு சேர்த்து அப்பிவிடுகிறது. தொங்கி இழுத்தாலும் சாண் சாணாகத்தான் இறங்குகிறது. ஒருநாள் வில்தராசைக் கொக்கியில் மாட்டி எத்தனை பவுண்டு இழுக்கிறது என்றுகூடப் பார்த்தோம். முள் கடைசிவரை போய் நின்றுகொண்டது. மூன்று தடவை கடலில் விழுந்தேன். மூன்றாவது தடவை வெள்ளரிப் பாத்தியில் விழுந்தேன். அந்த அம்மா ஒரு பிஞ்சைக் கையில் கொடுத்து, "நீந்தி வந்த களைப்புக்குத் தின்னுங்க தம்பி" என்றார். நண்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தானும் ஒரு தடவை ஓடிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வெளிச்சம் போய்விட்டது என்றேன். அப்போது மணி ஐந்தரைகூட ஆகவில்லை.

பெரியதை அழித்துவிட்டுச் சின்னதை வரைந்தேன். அன்று அவனுக்குக் கம்பெனியில் வேலை. நான் தனியாகவே கோடு போட்டேன். பாயையும் கத்தரித்து, நீள மூங்கிலை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒன்றை நட்டேன். மறுநாள் சாயங்காலம் அவன் வந்ததும் சோதனை. பத்தொன்பது விநாடி. மறுபடியும் பத்தொன்பது. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. சோதனைக்கூட நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதினேன்.

அவன் படகுக்குள் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான். அடுப்பு இருந்த இடத்தில் குந்திப் பார்த்தான். பிறகு படுக்கைக் கோட்டுக்குள் நீட்டிப் படுத்தான். கை இரண்டையும் தலைக்குக் கீழே கொடுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப சௌகரியம் என்றான். அலை அடித்தால்கூட உருளமாட்டேன் என்றான். அப்புறம் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"சரி, நீ எங்கடா படுத்துப்பே?"

அவன் வேறு எதையாவது கேட்டிருக்கலாம். நான் டேப்பைச் சுற்றினேன். சுற்றிய டேப்பை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். வெள்ளரிக்கார அம்மா பாத்தியில் நிமிர்ந்து நின்று, ஒருத்தர் கால்மாட்டில் ஒருத்தர் படுத்துக்கொள்ளவேண்டியதுதான் என்று யோசனை சொன்னார். நான் டேப்பையே சுற்றிக்கொண்டிருப்பதை அவன் கவனித்துவிட்டான். மெதுவாக எழுந்து முதுகு மணலைத் தட்டினான்.

"ஒத்தப் படுக்கைன்னு உங்க அத்தான் எழுதியிருந்தாரா?"

"எழுதியிருந்தார்."

"எப்போ?"

"பங்குனியில."

"அப்போ இது ஸ்டாப்வாட்ச் சொல்றதா, நீ சொல்றியா?"

"ஸ்டாப்வாட்ச்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ஆற்று மணலில் நேரே வடக்கே நடந்து படித்துறை ஏறிப் போய்விட்டான். அவன் கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது என்பது அவன் போனபிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நாலு நாள் நான் எப்படி இருந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஜெயித்தவன்தானே நான்? சின்னப் படகு பாஸ். அத்தானுக்கு ஒரு கார்டு எழுதினால் முடிந்தது. எழுதினேன், சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிவரை போய்த் திரும்பினேன். மறுநாளும் அப்படியே. சைக்கிளை எடுத்துக்கொண்டு தில்லை நகர்ப் பக்கம் வயல்வரப்பில் சுற்றினேன். பாலத்தின்மேல் போய் நின்றேன். சாப்பாட்டில் பாதியில் எழுந்தேன். பொண்ணு போட்டோவைப் பார்த்ததிலிருந்து பிள்ளை நிலைகொள்ளவில்லை என்று அம்மா அக்காவுக்குக் கடிதம் எழுதிவிட்டாள். நான் அந்தப் போட்டோவைப் பார்க்கவே இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஸ்டாப்வாட்ச் எங்கே என்று கேட்டபோது ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொன்னேன்.

இதற்குள் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கரூர் வந்தது, குளித்தலை வந்தது என்று பஸ்காரர்கள் தினம் சொன்னார்கள். ஐந்தாம் நாள் அது முக்கொம்பைத் தொட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும், மூங்கிலையும் பாயையுமாவது காப்பாற்றலாம் என்று ஆற்றுக்குள் இறங்கினேன். வெள்ளரிக்கார அம்மா கடைசிக் காய்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். என் படகின் நடுவில் நண்பன் நின்றுகொண்டிருந்தான், நான் கத்தரித்த பாயையும் துண்டையும் மறுபடி ஒன்றாகத் தைத்து முடித்த கையோடு. எத்தனை நேரமாக அங்கே இருந்தானோ.

என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தான். நாலு நாள் முன்னால் புறப்பாட்டில் பெருமாளுக்குப் பிடிக்கிற பெரிய குடையை மடக்குவதைப் பார்த்தானாம். பிறந்ததிலிருந்து பார்க்கிறதுதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டதாம்.

"காத்துக்கு முதுகைக் காட்டிண்டு யாருமே மடக்கமாட்டா. கம்பி போயிடும். குடையோட உச்சியைக் காத்துக்கு நேரே திருப்பிண்டுதான் மடக்குவா" என்றான். "நீ எப்பவும் மூக்கைக் கிழக்கே வெச்சே கோடு போடறே. ஒரு தடவை மேற்கே போடு. பெரிய படகை."

இரண்டு மாதமாகக் கிழக்கே! எங்கள் ஊரில் ஆறும் கிழக்கே போகிறது, காற்றும் கிழக்கே போகிறது. படகும் கிழக்கேதான் போகும் என்று நான் கேள்வியே கேட்கவில்லை. பாயை இறக்கவேண்டுமானால் படகைக் காற்றுக்கு எதிரே திருப்பவேண்டும் என்று அந்தக் கடலைப் பொட்டலப் பக்கத்தில் நிச்சயம் எழுதியிருக்கும்.

பழைய கோடுகளைக் காலால் அழித்தோம். நீள மூங்கிலை மறுபடி நட்டோம். கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாவும் ஒரு கயிற்றைப் பிடித்தார். மூக்கு மேற்கே, முப்பத்தோரு அடி. பாயை ஏற்றியதும் அது சுழன்று பின்பக்கம் போய்ப் படபடவென்று அடித்தது. அதன் கீழ்க்கம்பு என் காதோரம் ஒரு போடு போட்டது. நண்பன் கை தட்டினான். ஓடினேன். கயிற்றை விட்டதும் பாய் தானாகவே சரசரவென்று வழிந்து காலடியில் குவிந்தது. நான் இழுக்கக்கூட இல்லை. கட்டிவிட்டுத் திரும்பிவந்து சுக்கானைப் பிடித்தேன்.

"பதினெட்டு" என்றான் அவன்.

"பொய்."

ஸ்டாப்வாட்ச்சைத் திருப்பிக் காட்டினான். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு, வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுக்கானில் உட்கார்ந்தான். பல்லக்கோடு மணலில் ஓடிப் பழகின கால். அவனுக்குப் பதினாறு. அவன் பாயைக் கட்டும்போது என் கை தானாக நீண்டு, கயிற்று முடிச்சைச் சரிசெய்யப் போனது. அவன் தட்டிவிட்டான்.

"தனி ஆளுன்னா தனி ஆளு. தொடாதே."

நாங்கள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு கரையேறி உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னேன், ஸ்டாப்வாட்ச் இல்லை, நான்தான் என்று. இலங்கையைச் சொன்னேன், அந்தமானைச் சொன்னேன். அவன் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டே கேட்டான். தெரியும் என்றான். உன் முகத்தில் எப்போதும் கிழக்கே என்றுதான் எழுதியிருக்கும் என்றான். ஆனால் அவனை விட்டுவிட்டுப் போவதற்குப் படகைக் காரணம் காட்டக்கூடாதாம். போகவேண்டும் என்றால் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். எனக்கு அந்த இடத்திலிருந்து எழுந்து எங்கேயாவது ஓடவேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

மறுநாள் காலை தண்ணீர் வந்துவிட்டது. சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த கார்டைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: முப்பத்தோரு அடியை யாருக்கும் கொடுத்துவிடவேண்டாம், நாங்கள் இருவரும் வருகிறோம். இந்தத் தடவை தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினேன். போட்ட நிமிஷத்திலிருந்து பதிலுக்குப் பறந்துகொண்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். கரையோரமா, இலங்கையா என்பது அப்படியே நிற்கிறது. ஏகாதசி நிற்கிறது. மணலில் கோட்டைத் திருப்பிப் போட்டோம். தண்ணீரில் முப்பத்தோரு அடியை எப்படித் திருப்புவது, அலை அதுவரை பொறுக்குமா, இதெல்லாம் இரண்டு பேருக்குமே தெரியாது. மாத முதல் சனிக்கிழமை நாகப்பட்டினம் ரயில். துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோக ஒரு மீனவரைப் பேசிவைப்பதாக அத்தான் முன்பே எழுதியிருக்கிறார். அங்கே என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது. முதலில் நான் சுக்கானில். படகைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாயை இறக்கவேண்டும், அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்புறம் அவன். அவன் முறையில் என்ன ஆனாலும், கம்பு தலையில் அடித்தாலும், படகு பக்கவாட்டில் சாய்ந்தாலும், நான் எழுந்திருக்கக்கூடாது, கயிற்றைத் தொடக்கூடாது.

பாயை இறக்குவது எனக்கு வந்துவிடும் என்றுதான் தோன்றுகிறது. பதினாறு விநாடி ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை நான் இதுவரை செய்து பார்த்ததில்லை. நாகப்பட்டினத்தில் முயன்று பார்க்கவேண்டும்.